நாலாவது உத்தரணி

தண்ணீர் கலங்கி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சும்மா சொல்லவில்லை. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினேழு வருஷமாக வேதியியல் சொல்லித் தருகிறேன். படிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுத் தண்ணீர் வாடை அடித்தாலும், மஞ்சளாக வந்தாலும், ஒரு டம்ளரை ஏந்திக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். "டீச்சர், இதக் கொஞ்சம் பாருங்கோ" என்பார்கள். நானும் பெரிய இவள் மாதிரி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், மாமனார். மாமியார் போய் நாலு வருஷம் ஆகிறது. என் கணவருக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். ஏழு வருஷம் குழந்தை இல்லாமல், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, ஊசி போட்டுப் போட்டு இடுப்பெல்லாம் கன்றிப்போய், கடைசியில் அந்த வருஷம்தான் கரு நின்றது. சீமந்தம் முடிந்த கையோடு, ஆடி பிறப்பதற்கு முன்பே போய் அழைத்து வந்துவிட்டோம். தாயில்லாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பிரசவம் பார்ப்பது யார்? அண்ணன் பெண்டாட்டிதான். வாசல்படி ஏறும்போதே என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நீ இருக்கச்ச எனக்கென்ன பயம், மன்னி?"

அவள் வந்த மூன்றாவது வாரம் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தது. அந்தச் சமயத்தில் ஆற்றிலும் புது வெள்ளம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவேரி செக்கச்செவேல் என்று ஓடிக்கொண்டிருந்தது. தெருவே கொண்டாடியது. "காவேரி நம்மாத்துக்குள்ளயே வந்துட்டா பாத்தேளா" என்று எதிர் வீட்டு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு வீட்டில் குழாயடியில் கோலம் போட்டு, குழாய்க்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்தார்கள். ஆடியில் தண்ணீர் கலங்கினால் எங்கள் ஊரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அது புதுத் தண்ணீர், மங்களம், அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் இடித்தது. எங்கள் குழாய்க்கு வருவது கொள்ளிட மணலுக்கு அடியில் கிணறு இறக்கி எடுக்கிற தண்ணீர். அத்தனை ஆழ மணலில் வடிந்து வருகிற தண்ணீருக்குள் ஆற்றுச் செம்மண் எப்படி வரும்? வந்தாலும் சிவப்பாக அல்லவா வர வேண்டும்? இது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுப்பாக வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் யாரோ ஏதோ ஒரு வயரைப் பதிக்கத் தெருவை நெடுகத் தோண்டி, அரைகுறையாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். சாக்கடையும் குடிநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் போகிற தெரு இது.

கலங்கல் என்றால் எல்லாம் ஒரே கலங்கல் இல்லை. டம்ளரில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து மேலாகத் தெளிகிறதா, அது வெறும் காற்று. குழாய்க்குள் அழுத்தத்தில் கரைந்து வந்த காற்று குமிழியாகி மேலே போய்விடும், பயமில்லை. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்த பிறகு பழுப்பாகிறதா, அது இரும்பு. மண் என்றால் அடியில் படியும். எங்கள் டம்ளரில் இருந்தது இது எதுவும் இல்லை. முழு நாள் வைத்தும் பாதிக்கு மேல் கலங்கியே நின்றது. மூக்கருகில் கொண்டுபோனால் லேசாக ஒரு வீச்சம்.

பள்ளியில் தண்ணீர் சோதிக்கும் குப்பிகள் உண்டு. உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வைத்தால் போதும். கறுத்துப் போனால் அந்தத் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று குப்பிகளைக் கொண்டுவந்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர். ஒன்றில் படிகாரம் போட்டுத் தெளிய வைத்து மேலாக இறுத்தது. ஒன்றில் அதையே தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றியது. மூன்றையும் ஃப்ரிட்ஜின் மேல் ஓரமாக வைத்தேன்.

மூன்றாவது குப்பி வைத்தபடியே இருந்தது. முதல் குப்பி மை மாதிரிக் கறுத்திருந்தது. இரண்டாவது, அடியில் ஒரு தூசி இல்லாமல் கண்ணாடியாகத் தெளிந்த தண்ணீர், அதுவும் கறுத்திருந்தது. படிகாரம் மண்ணைத்தான் திரட்டிக் கீழே தள்ளும். கிருமியில் கொஞ்சம் மண்ணோடு போகும், மிச்சம் தெளிந்த தண்ணீரில் சௌக்கியமாக இருக்கும். தெளிவு வேறு, சுத்தம் வேறு என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான். அதை என் சமையலறையிலேயே கண்ணால் பார்த்தேன்.

குப்பிகளைக் கணவரிடமும் நாத்தனாரிடமும் காட்டினேன். மாமனார் அப்போது கோயிலுக்குப் போயிருந்தார். குழாய் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன், "வந்து பாக்குறோம்மா" என்றார்கள். தெருவில் கையெழுத்துக் கேட்டேன். "புதுத் தண்ணியப் போய்க் குத்தம் சொல்றேளே டீச்சர், நன்னாவா இருக்கு?" என்று எதிர் வீட்டு மாமியே கதவைச் சாத்தினாள். போங்கள் எல்லோரும், என் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பார்த்துக்கொண்டேன், அதில் குறை சொல்ல முடியாது. குடிப்பதற்கு, சமைப்பதற்கு, அவள் பல் தேய்ப்பதற்கு, வாய் கொப்பளிப்பதற்கு, பழம் கழுவுவதற்கு எல்லாவற்றுக்கும் கொதித்து ஆறிய தண்ணீர்தான். ஒரு துண்டுப் படிகாரத்தைத் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் அசைக்காமல் விட்டு, மேலாக இறுத்து, துணியில் வடிகட்டி, அப்புறம் அடுப்பு. எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி மூடி, யாரும் உள்ளே கை விடக் கூடாது என்று நீளக் காம்புக் கரண்டி ஒன்று வாங்கிப் போட்டேன். வெளியில் ஒரு வாய் கரும்புச் சாறு கிடையாது, பானிபூரி கிடையாது. "மன்னி, குளிக்கறதுக்கும் காய்ச்சி ஆத்தித் தருவியோ?" என்று அவள் சிரிப்பாள். "கிண்டலா பண்றே? பெத்து எழுந்திரு, அப்பறம் பேசிக்கறேன்" என்பேன். எனக்கு உள்ளூரப் பெருமை பிடிபடவில்லை.

இனி எழுதுவதற்குத்தான் இத்தனை நாள் கை வரவில்லை.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் மாமனார் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்வார். பெருமாள் உள் என்று சின்னதாக ஓர் அறை, அதற்குள் சாளக்கிராமம். மடியாகக் குளித்துவிட்டு அவரே ஒரு செப்புக் குடத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைப்பார். கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையைக் கல்லில் இழைத்து அதில் கலக்கி விடுவார். மறுநாளைக்குத் தெளிந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பூஜைக்கான சொம்பில் எடுத்து வைத்தால் அதற்குத் திருக்காவேரி என்றே பெயர். ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் பொடித்துப் போட்டு, சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் செய்து, பிறகு எங்களுக்குத் தீர்த்தம் சாதிப்பார். உத்தரணி என்கிற சின்னக் கரண்டியால் உள்ளங்கையில் மூன்று முறை.

அந்தத் தண்ணீர் கொதிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். குப்பி கறுத்த அன்றே தெரியும்.

தேற்றாங்கொட்டையும் படிகாரம் மாதிரிதான், மண்ணை இறக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆடி மாசம் முழுக்க அவர் அந்தச் சொம்பைக் காட்டிச் சந்தோஷப்பட்டார். "எப்படித் தெளிஞ்சிருக்கு பாரு, கண்ணாடியாட்டம்" என்பார். நானும் "ஆமாம்ப்பா" என்பேன். நாத்தனார் தலைக்குக் குளித்து ஈரத் தலையோடு வந்து நிற்பாள். மூன்று உத்தரணி வாங்கிக்கொண்டு கையை எடுக்க மாட்டாள். "உள்ள இருக்கறவாளுக்கு?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே நாலாவது உத்தரணி விடுவார். தினமும் இது நடக்கும். அவர் அதிகம் பேசாத மனிதர், அந்த நாலாவது உத்தரணிக்காகத்தான் காலையில் அத்தனை உற்சாகமாக எழுந்திருக்கிறாரோ என்று தோன்றும். பக்கத்தில் நானும் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இதைத்தான் இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். காரணம் இல்லாமல் இல்லை, நிறையவே வைத்திருந்தேன்.

கல்யாணமான புதிதில், பூஜை வட்டிலில் உள்பக்கம் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைப் பார்த்து, "இதுல தீர்த்தம் எடுத்தா உடம்புக்கு ஆகாதுப்பா" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கணவர் என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் வட்டில்களை எல்லாம் அவரே புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தார். நான் அவர் சாப்பிடாததை மட்டும்தான் மனதில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சமையலறைத் தண்ணீர் என்னுடையது, பெருமாள் உள் தண்ணீர் அவருடையது என்று நானாக ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். அவர் அந்தக் கோட்டைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

இந்தத் தடவை கணவரிடம் ஒரே ஒரு முறை சொன்னேன். "ஏன்னா, தீர்த்தத்துத் தண்ணி காய்ச்சாதது."

"அப்பாகிட்டப் போய் பெருமாள் தீர்த்தம் அசுத்தம்னு சொல்லப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார். "ஒரு ஸ்பூன் தண்ணி. அதுல என்ன ஆயிடப் போறது?"

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், ஒரு ஸ்பூன்தானே. எதுவும் அளவைப் பொறுத்ததுதான் என்று வகுப்பில் நானே சொல்வதில்லையா? கிருமிக்கு அந்தக் கணக்குச் செல்லாது, ஒரு சொட்டு போதும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் சண்டை வராமல் இருக்க வேண்டும், நல்ல மருமகள் என்ற பெயர் கெடக் கூடாது, பிரசவ வீட்டில் அவர் மறுபடி ஒரு நாள் பட்டினி கிடந்தால் அந்தப் பழி எனக்கு வேண்டாம். இத்தனையும் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் வயிற்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்.

ஆவணி பாதியில் அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. ரசத்தின் வாசனைக்கே குமட்டியது. மாசம் ஏறினால் அப்படித்தான் என்று தெருவில் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. ஆட்டோவைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் கத்தினேன்.

காவேரிப் பாலத்தில் அன்று ஒரே நெரிசல். அவள் தலை என் மடியில். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "மஞ்சக்காமாலைங்க. தண்ணியில வர்ற வகை. மத்தவங்களுக்கு வந்தா ரெண்டு வாரத்துல தானா போயிடும். மாசமா இருக்கறவங்களுக்கு, அதுவும் கடைசி மாசங்கள்ல, இது ரொம்ப ஆபத்து. வீட்ல தண்ணி காய்ச்சித்தானே குடுத்தீங்க?"

"எல்லாம் காய்ச்சித்தான் டாக்டர்" என்று என் கணவர் முந்திக்கொண்டு சொன்னார். "இவ கெமிஸ்ட்ரி டீச்சர். தண்ணி விஷயத்துல எங்க யாரையும் கிட்டவே விடமாட்டா."

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அப்போ வெளில எங்கயாவது சாப்பிட்டிருப்பாங்க" என்றார். கணவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. நாத்தனாரைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகி, பத்து நாள் தான் எங்கிருக்கிறோம் என்றே தெரியாமல் கிடந்து, பிழைத்தாள். நினைவு வந்ததும் முதலில் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பாவி, அந்த நேரத்தில்கூட எனக்கு வாய் வரவில்லை. நர்ஸ்தான் சொன்னாள்.

அதற்குள் எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து பேருக்குக் காமாலை. அதன் பிறகுதான் ஆட்கள் வந்து தோண்டினார்கள். குழாயில் விரல் நுழைகிற விரிசல், பக்கத்திலேயே சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்கே தலபாடா அடிச்சுண்டேளே டீச்சர், எங்க புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று அழுதாள். நான் பெருந்தன்மையாக அவளைத் தேற்றினேன். எப்படி முடிந்ததோ, எனக்குத் தெரியவில்லை.

நாத்தனார் ஐப்பசியில் பெங்களூர் திரும்பினாள். ரயிலில் ஏற்றிவிடும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "நீ என்னை எப்படிப் பாத்துண்டே, மன்னி. அம்மா இருந்தாகூட இப்படிப் பாத்துண்டிருக்க மாட்டா. என் தலையெழுத்து" என்றாள். அவள் திட்டியிருக்கலாம், செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன மறுநாள் காலை, தீர்த்தத்துக்காக நான் கையை நீட்டியபோது மாமனார் உத்தரணியை எடுக்கவில்லை. சொம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு மாசத்தில் முதுகு வளைந்துவிட்டது அவருக்கு.

"ஒண்ணு கேக்கணும் உன்னை" என்றார். "குழாய்த் தண்ணிதான் கெட்டுப்போயிருந்ததுன்னு எல்லாரும் சொல்றா. நீ எல்லாத்தையும் காய்ச்சித்தான் குடுத்தே. அவ வெளில ஒண்ணும் தொடலை, எனக்குத் தெரியும். அப்போ காய்ச்சாத தண்ணி அவ வாய்க்குள்ள எப்படிப் போச்சு?"

நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"நான்தான் குடுத்திருக்கேன்" என்றார். "நித்தியம் குடுத்திருக்கேன். குழந்தைக்குன்னு தனியா வேற."

"அப்படியெல்லாம் நினைக்காதீங்கோப்பா. அது ஒரு ஸ்பூன் தண்ணி" என்றேன். என் கணவர் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "மார்கழில பெருமாளுக்குக் குளிருமேன்னு வெந்நீர்லதான் திருமஞ்சனம் பண்றது. வருஷா வருஷம் இங்கேயே குமுட்டில காய்ச்சி ஆத்திண்டுதான் பண்றேன். நீங்கள்ளாம் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே ஆயிடும். காய்ச்சின ஜலம் ஆகாதுன்னு யார் சொன்னா? ஆடிலயும் அப்படிக் காய்ச்சியிருக்கலாம். ஒரு தோஷமும் கிடையாது. ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா காய்ச்சியிருப்பேன்."



அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. என்னைத் தேற்றுகிற மாதிரிதான் சொன்னார். "நீ என்ன பண்ணுவே, பாவம். இத்தனை படிச்சிருக்கே, உனக்கே தோணலைன்னா இந்தக் கிழவனுக்கு எங்கேந்து தோணும்?"

"ஆமாம்ப்பா" என்றேன். "எனக்கும் தோணலை."

அவர் நம்பிவிட்டார்.